மூன்று விரலுக்கு ஒரு மட்டை

வேலூர் ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டை அவிழ்த்த அன்று கோபால்சாமி முதலில் செய்த காரியம், கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துப் பார்த்ததுதான். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. மற்ற மூன்றும் கம்பியைச் சுற்றி வளைந்தன. இறுக்கினார். வலித்தது, ஆனால் பிடி நின்றது. மனுஷன் அழப்போகிறார் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற அவர் மனைவி கெங்கம்மாள் முந்தானையைக் கையில் எடுத்து வைத்திருந்தாள்.

"ஆடலாம்," என்றார் கோபால்சாமி.

"இன்னா ஆடறது?"

"டென்னிஸ்."

கெங்கம்மாள் முந்தானையைக் கீழே விட்டாள். பேனா பிடிக்கலாம், சோறு பிசைந்து சாப்பிடலாம், மெதுவாக வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் காலையில் சொல்லியிருந்தார். டென்னிஸைப் பற்றி அவரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று கோபால்சாமிக்குத் தோன்றவும் இல்லை.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம். கோபால்சாமி மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் பாரஸ்டராக இருந்தார். கோயம்புத்தூரில் காட்டிலாகாப் பயிற்சிக்குப் போன இடத்தில் டென்னிஸ் அவரைத் தொற்றிக்கொண்டது. மலைக்கு மாற்றலாகி வந்ததும், காட்டிலாகா விடுதிக்குப் பக்கத்தில் சமமாகக் கிடந்த இடத்தைக் கொத்தி, புற்று மண் கொட்டி, இடித்து, சாணம் மெழுகி, சுண்ணாம்பில் கோடு போட்டு ஆடுகளம் ஒன்று செய்துவிட்டார். நடுவில் கட்ட வலை கிடைக்கவில்லை. வேட்டைக்காரனிடம் பிடித்து, வழக்கு முடிந்து யாரும் கேட்காமல் கிடந்த முயல் வலை ஒன்றை எடுத்துக் கட்டினார். எதிரே நின்று ஆட ஆள் வேண்டுமே. பக்கத்து ஊரில் சாமை விதைத்துப் பிழைக்கும் சின்னதம்பிக்கு முப்பது வயது. மரம் வெட்டி உரமேறிய தோள். அவனைக் கூப்பிட்டு மட்டையைக் கொடுத்தார். முதல் பந்தைச் சின்னதம்பி புளியமரத்துக்கு அப்பால் அடித்தான். ஒரு வருஷத்தில் பந்து கோட்டுக்குள் விழ ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அந்த அடியை எடுக்க மலையிலே கோபால்சாமி ஒருத்தரால்தான் முடியும்.

ஒவ்வொரு பங்குனியிலும் புளி வியாபாரம் முடிகிற சமயத்தில் வாணியம்பாடியிலிருந்து லத்தீப்பும் அவர் தம்பி முகமதுவும் மலைக்கு வருவார்கள். தோல் மண்டிக்காரர்கள். ஊரில் கிளப்பில் ஆடுகிறவர்கள். அண்ணன் தம்பி ஒரு பக்கம், பாரஸ்டரும் சின்னதம்பியும் ஒரு பக்கம். அதுவரை ஆடிய மூன்று வருஷமும் வாணியம்பாடிக்காரர்கள்தான் ஜெயித்தார்கள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் அதிகமாக வியர்த்துவிட்டுத்தான் ஜெயித்தார்கள்.

அந்த ஆனியில், பலாப்பழம் பழுத்து வாசனை அடிக்கிற நாளில், எல்லைக்கல் பார்க்கப் போன கோபால்சாமி ஒரு புதரைச் சுற்றித் திரும்பினார். எதிரே பழம் தின்றுகொண்டிருந்த கரடி. அவர் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். கரடி கையைக் கவ்வியது. கூடப் போயிருந்த சின்னதம்பி கோடாலிக் காம்பால் கரடியின் மண்டையில் போட்ட போட்டில் அது விட்டுவிட்டு ஓடியது. அவன் வேட்டியைக் கிழித்துக் கையில் கட்டி, ஜீப் வரும் இடம்வரை அவரைத் தோளில் சுமந்து வந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கோபால்சாமி பழைய மட்டையை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினார். சின்னதம்பி பூப்போல ஒரு பந்து போட்டான். கோபால்சாமி வீசினார். பந்து அப்படியே கீழே விழ, மட்டை பறந்துபோய் முயல் வலையில் மாட்டிக்கொண்டது.

சின்னதம்பி அதை எடுத்து வந்து கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"கை ஆறட்டும், ஐயா."

"கை ஆறிப்போச்சு சின்னதம்பி. மட்டைதான் சரியில்ல."

அவர் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. காம்பின் அடியை இறுக்கிப் பிடிப்பது கடைசி இரண்டு விரல்கள்தான் என்பது, அவை போன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அவை இல்லாத கையில் மட்டையின் தலை தானாகச் சாய்கிறது. கட்டைவிரல் அகலம் மேலே தள்ளிப் பிடித்தால் சாய்வு குறைகிறது. ஆக, தலை கனக்காமல் கைப்பக்கம் கனக்கிற மட்டை ஒன்று வேண்டும். உலகத்தில் அப்படி ஒன்று இல்லாமலா போகும்?

மறுவாரமே வாணியம்பாடிக்கு இறங்கினார். கடைத்தெருவில் மக்பூல் பாயின் கடையில் தோல் பெட்டி, இடுப்புவார், கால்பந்து எல்லாம் விற்கும். சுவரில் நாலைந்து டென்னிஸ் மட்டைகளும் தொங்கும். மக்பூல் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார்.

"வாங்க பாரஸ்டர் ஐயா. கேள்விப்பட்டேன். ஒடம்பு எப்டி கீது?"

"ஒடம்பு நல்லா கீது பாய். மட்டை ஒண்ணு வேணும்."

பாய் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பளபளவென்று இருந்த மட்டையை இறக்கி நீட்டினார். கோபால்சாமி அதைத் துப்பாக்கி பிடிப்பதுபோல் கண்ணுக்கு நேரே பிடித்து, காம்பு முனையிலிருந்து பார்வையை ஓட்டினார். சட்டம் லேசாக முறுக்கியிருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொன்றில் மரத்தின் ரேகை வளைவோடு ஓடாமல் குறுக்கே ஓடிப் பக்கவாட்டில் போய் முடிந்தது; ஒரு மழைக்காலத்தில் அங்கே விரியும். மரம் பார்ப்பது அவருக்குத் தொழில். மூன்று மட்டைகள் மிஞ்சின. ஒவ்வொன்றின் கழுத்தையும் இடது கையின் ஒற்றை விரலில் நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். சட்டத்தில் பின்னிய நரம்பை உள்ளங்கையால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார்.

மக்பூல் பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. "புடிக்கிறதுக்கும் ஒரு கணக்கு கீதுங்க. காம்பப் புடிச்சா மோதிர வெரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல இன்னொரு கை வெரலு நொழையணும்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

கோபால்சாமி சிரித்தார். "அதக் கரடிகிட்டதான் கேக்கணும் பாய். நடு வெரல வச்சிப் பாப்போம்."

பாயும் சிரித்தார். அதற்குப் பிறகு அவருக்கு அந்தக் கையைப் பார்ப்பதில் கூச்சம் இல்லை.

"இந்த மூணையும் ஆடிப் பாக்கணும்," என்றார் கோபால்சாமி.

"ஆடிப் பாத்தா அது பழசாய்டும்ங்களே. நரம்புல பந்துக் கறை வுழுந்துச்சின்னா அப்பறம் யாரு வாங்குவாங்க?"

"செருப்பு வாங்கறவன் போட்டு நடந்து பாக்கறான். வாணாம்னா சொல்றீங்க?"

"கடைக்குள்ள விரிச்ச பாய் மேல நடப்பாங்க. ரோட்டுல நடக்க வுடமாட்டேன்."

"அப்ப மட்டைக்குப் பாய் விரிச்ச எடம் எங்க கீது, சொல்லுங்க."

மக்பூல் பாய் யோசித்தார். பிறகு கடையைச் சாத்தினார். துடைத்த பந்துகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மூன்று மட்டைகளையும் கக்கத்தில் இடுக்கியபடி கிளப்புக்கு அவரே முன்னால் நடந்தார்.

கிளப்பில் லத்தீப் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எதிரே போய் நின்றுகொண்டார். முதல் மட்டை இறகுபோல இருந்தது. கடையில் கோபால்சாமிக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். மெதுவான பந்துகளுக்கு அது சொன்னபடி கேட்டது. லத்தீப் அழுத்தி அடித்த முதல் பந்துக்கே கைக்குள் திரும்பிக்கொண்டது. இரண்டாவது தடித்த காம்பு; திரும்பவில்லை. ஆனால் தலை கனத்தது. கொஞ்ச நேரம் சர்வீஸ் போட்டதும் மணிக்கட்டு தொங்கிவிட்டது. மூன்றாவதன் நரம்பு கம்பிபோல விறைத்திருந்தது. ஒவ்வொரு அடியும் முழங்கைவரை அதிர்ந்தது.

லத்தீப் வலையருகே வந்தார். "தப்பா நெனக்காதீங்க சார். இடது கைக்கு மாத்திக்கலாமே. ஒரு வருஷத்துல பழகிடும்."

"இடது கைக்கு தம்ளர் புடிக்கத்தான் தெரியும். டென்னிஸ் தெரிஞ்சது இந்தக் கைக்கு. இதுக்கு ஏத்த மட்டை வரட்டும்."

"எதக் கட்டட்டும்?" என்றார் மக்பூல் பாய்.

"மூணும் வாணாம் பாய்."

பாயின் முகம் விழுந்துவிட்டது. கோபால்சாமி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, தனக்கு என்ன வேண்டும் என்று தரையில் குச்சியால் வரைந்து காட்டினார். கனம் கைப்பக்கம் வர வேண்டும். காம்பு இரண்டாவதைவிட மெல்லியதாக, முதலாவதைவிடத் தடித்ததாக இருக்க வேண்டும், வழுக்கக் கூடாது. நரம்பு கொஞ்சம் இளக்கமாக இருக்கலாம்.

"இப்டி ஒண்ணு வந்தா சொல்லி அனுப்புங்க. அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

வீட்டில் கெங்கம்மாள், "வெறுங்கையோட வந்துட்டீங்களே," என்றாள்.

"இன்னா வாணாம்னு தெரிஞ்சிக்கினு வந்துகீறேன். அது பாதி வேல."

அடுத்த மாதங்களில் ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்தே மூன்று விரல்களையும் தேற்றினார். பழைய மட்டையை வாரால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு விடுதிச் சுவரில் பந்தடித்தார். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் பாவப்பட்டார்கள். அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை.

தை பிறந்ததும் ஒரு நாள், புளி ஏற்ற வந்த ஜீப்பிலிருந்து மக்பூல் பாய் இறங்கினார். மலைப்பாதையில் குலுங்கி வந்ததில் முகம் வெளுத்திருந்தது. கையில் கம்பளியில் சுற்றிய மூட்டை.

"சொல்லி அனுப்புங்கன்னுதானே சொன்னேன். நீங்களே வந்துட்டீங்க."

"சொல்லி அனுப்பிச்சா நீங்க எறங்கி வருவீங்க, வாணாம்னுட்டுப் போவீங்க. இங்கியே தீத்துடலாம்னு வந்தேன்," என்றார் பாய். மூட்டையில் நாலு மட்டைகள். பஞ்சாபிலிருந்து வந்த புதுச் சரக்கு. அதில் ஒன்றின் காம்பை மட்டும் அவரே பிரித்து, மெல்லிய ஆட்டுத்தோலைச் சொரசொரப்பு வெளியே தெரியும்படி சுற்றியிருந்தார். அடியில் தோலை இன்னும் இரண்டு சுற்று சுற்றி, கை நழுவாதபடி ஒரு வரம்பு கட்டியிருந்தார். தோல் ஏறியதில் கனமும் கைப்பக்கம் வந்திருந்தது.

கோபால்சாமி அதைக் கையில் வாங்கியதும் பாயை நிமிர்ந்து பார்த்தார். ஆனால் ஆடிப் பார்க்காமல் முடிவு சொல்வதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

சின்னதம்பியை வரவழைத்தார். "எல்லா மட்டைக்கும் ஒரே மாதிரி அடிக்கணும். எனக்காகக் கொறைக்கக் கூடாது."

சின்னதம்பி குறைக்கவில்லை. நேரடி, புறங்கையடி, வலையருகே நின்று எடுப்பது, சர்வீஸ் என்று ஒவ்வொரு மட்டையிலும் கோபால்சாமி ஒரு சுற்று ஆடினார். இரண்டு மட்டைகள் சீக்கிரமே கழிந்தன. பாய் தோல் சுற்றியதும், கருஞ்சிவப்புச் சாயம் பூசிய இன்னொன்றும் நின்றன. கோபால்சாமி நன்றாகக் களைத்துப் போகும்வரை ஆடிவிட்டு, அந்த இரண்டையும் மறுபடி எடுத்தார். தெம்பாக இருக்கும்போது எந்த மட்டையும் நல்ல மட்டைதான். கை ஓய்ந்த பிறகு எது கூட நிற்கிறது என்பதை அவர் பார்க்க வேண்டும்.

கருஞ்சிவப்பில் பந்து இன்னும் வேகமாகப் பறந்தது. அவர் மனம் அதன் பக்கம் சாய்ந்தது. "இதையே எடுத்துக்கட்டா?" என்று பொதுவாகக் கேட்டார்.

மக்பூல் பாய் தான் சுற்றிய தோலைத் தடவிக்கொண்டு, "உங்க இஷ்டம்," என்றார். சின்னதம்பி இரண்டும் ஒன்றுதான் என்றான்.

மோர் கொண்டுவந்த கெங்கம்மாள் கொஞ்ச நேரமாக அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தச் செவப்புல ஆடும்போது ஒவ்வொரு தபாவும் கையப் பாத்துக்கினே ஆடறீங்க," என்றாள். "தோலு சுத்துனதுல ஆடும்போது கையவே பாக்கல. பந்தத்தான் பாத்தீங்க."

கோபால்சாமி நம்பவில்லை. சிவப்பை எடுத்துக்கொண்டு போய் சர்வீஸ் போடக் கையை ஓங்கினார். பந்தைத் தூக்கிப் போட்ட பிறகும் கண் ஒரு நொடி விரல்களுக்குப் போய் வந்ததை அவரே உணர்ந்தார். தோல் சுற்றியதை எடுத்தார். பந்து மேலே போனது. கண்ணும் கூடவே போனது. பந்து எதிர்ப்பக்க மூலையில் விழுந்து எழும்ப, சின்னதம்பி அதைத் தொடக்கூட இல்லை.

"பாய்," என்றார் கோபால்சாமி, "இதான்."

மக்பூல் பாய் அன்று அவர்கள் வீட்டில் சாமைச் சோறும் பலாக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, மற்ற மூன்றையும் கம்பளியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். பந்துக் கறையைப் பற்றி அவர் பேச்செடுக்கவே இல்லை.

பங்குனியில் லத்தீப்பும் முகமதுவும் வந்தார்கள். சுற்று ஊர்களிலிருந்தும் கூட்டம் சேர்ந்தது. முதல் செட்டை வாணியம்பாடிக்காரர்கள் சுலபமாக எடுத்தார்கள். இரண்டாவதில் லத்தீப் பழக்கப்படி கோபால்சாமியின் பக்கமே பலமாக அடித்துப் பார்த்தார். கோபால்சாமி வலையருகே ஏறி நின்று பந்துகளைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டார். அந்தச் செட்டு மலைக்கு வந்தது. மூன்றாவதில் கடைசிவரை இழுபறி. முகமது அடித்த பந்து வலையின் மேல் விளிம்பில் பட்டு இந்தப் பக்கம் விழுந்தது. இந்த வருஷமும் மலைக்காரர்கள் தோற்றுப்போனார்கள்.

லத்தீப் வலையைத் தாண்டி வந்து, "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எங்கள மண்ணக் கவ்வ வச்சிருப்பீங்க சார்," என்றார்.

"அடுத்த வருஷம் வாங்க," என்றார் கோபால்சாமி.

அடுத்த வருஷம் அவர்கள் வந்தார்கள். தோற்றுத் திரும்பினார்கள். கோபால்சாமி ரேஞ்சராகி, மாற்றலாகி, பிறகு கேட்டு வாங்கிக்கொண்டு மலைக்கே திரும்பி வந்து, ஓய்வு பெறும்வரை அந்த மட்டையில்தான் ஆடினார். மழை ஈரத்தில் ஒரு தடவை அதன் நரம்பு அறுந்தது. மக்பூல் பாய் உடனே கட்டித் தருவதாகச் சொன்னார். கோபால்சாமி கேட்கவில்லை. இளக்கமாக ஒரு தடவை, இறுக்கமாக ஒரு தடவை, இரண்டுக்கும் நடுவில் ஒரு தடவை என்று கட்டச் சொல்லி, மூன்றையும் கிளப்பில் ஆடிப் பார்த்து, கைக்கு ஒத்துவந்ததையே மறுபடி கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் மலைக்கு எடுத்துப் போனார்.