கொண்டாட்டம் என்று எழுதிய பலகை

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் லாப நட்டக் கணக்கு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கரும்பலகையில் என் வியாபாரிகள் மாம்பழம் விற்றார்கள், சைக்கிள் விற்றார்கள், நூற்றுக்குப் பன்னிரண்டு லாபம் பார்த்தார்கள். நான் மட்டும் அறுபத்தெட்டு வயது வரை யாருக்கும் எதையும் விற்றதில்லை. என் தங்கை மிளகாய் காயப்போட ஆரம்பித்த பிறகுதான் இது எனக்கே உறைத்தது.

தங்கையை மலைமேல் காந்தலூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். கணவர் இறந்த பிறகு, தை மாதம், கேரள எல்லைக்குள் வடகரப்பதிப் பக்கம் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. மகன் வெளியூரில் இருக்கிறான். எட்டு ஜன்னல் உள்ள வீட்டில் நான் ஒருவன்தான். வந்த மறுநாள் சேலை காயப்போட மாடிக்குப் போனவள் ஏதோ அதிசயத்தைக் கண்டவள்போல் இறங்கி வந்தாள்.

"அங்க மஞ்சுல ஒரு சேல காய மூணு நாளாகுமுங்ணா. இங்க கொடியில போட்டுத் திரும்பறதுக்குள்ள மொடமொடங்குது. இத்தன வெயிலையும் சும்மா உட்டுப்போட்டு உக்காந்திருக்கீங்களே!"

வெயிலை நான் அதுவரை ஒரு தொல்லையாகத்தான் நினைத்திருந்தேன். அவள் பச்சை மிளகாயைக் கீறி, உப்புத் தயிரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் பாய் விரித்துக் காயவைத்தாள். பொழுது சாய்ந்ததும் மறுபடியும் தயிர். தயிர் வற்றும்வரை ஏழு நாள் இப்படியே போயிற்று. பிறகு பாகற்காய், சுண்டைக்காய். மாடியில் ஒன்பது பாய்கள். அடுக்களையில் டின்கள் ஒன்று, இரண்டு என்று ஏறி, பங்குனி முடிவதற்குள் பதினான்கு ஆயின.

"விக்கலாமுங்ணா" என்றாள். "விக்கலாமே" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் லைசன்ஸ் என்றேன். அபேட்சை கொடுத்தேன், விண்ணப்பத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஒன்பதாம் நாள் கிடைத்துவிட்டது. அது அவ்வளவு சீக்கிரம் கிடைத்தது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பிறகு எலக்ட்ரானிக் தராசு வாங்கினேன். பெட்டியைப் பிரிக்கவில்லை. கவர் எந்த அளவு, ஒட்டும் சீட்டு எந்த நிறம் என்று பதினேழு நாள் போயின. நான் சோம்பேறி இல்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து நாள் முழுக்க இந்த வியாபாரத்துக்காகவே அலைந்தேன். தொடங்குவதைத் தவிர மற்ற எல்லா வேலையும் செய்தேன்.

சித்திரைக் கடைசியில் தங்கைக்குக் கோயமுத்தூரிலிருந்து போன் வந்தது. ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் வேண்டுமாம். தங்க இடம் அங்கேயே. அவள் என்னிடம் எதையும் மறைக்கவில்லை.

"மழ வர்றதுக்குள்ள ஒரு பொட்டலமாச்சும் வித்தாத்தான் நா இங்கிருப்பேன். இல்லாட்டி அங்க போயிர்றேன். அண்ணன் ஊட்டுல எத்தன நாளைக்கு விருந்தாளியா இருக்கறது?"

"உன்ன ஆரு அம்மிணி விருந்தாளின்னது?"

"ஆருஞ் சொல்லல. எனக்கே தெரியுதில்ல."

மழைக்கு அப்போது ஏறக்குறைய இருபத்தைந்து நாள் இருந்தது. அன்றைக்கே பலகை எழுதக் கொடுக்கப் போனேன். அங்கே புதிதாக ஒரு சிக்கல் கிடைத்தது. இந்தப் பொருளுக்குத் தமிழில் என்ன பெயர்? வீட்டில் மோர் மிளகாய், வத்தல் என்போம். மலையாளக் கடைக்குப் போனால் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டாட்டம் என்று கேட்போம். பதினொரு பேரிடம் விசாரித்தேன். ஐந்து பேர் வத்தல், ஐந்து பேர் கொண்டாட்டம் என்றார்கள். பதினொன்றாமவர், "உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா சார்?" என்றார்.

பலகை எழுதுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். மோர் மிளகாய், சுண்டைக்காய் வத்தல், பாகற்காய் வத்தல் என்று எண்ணினால் இருபத்தைந்து எழுத்து. கொண்டாட்டம் ஆறே எழுத்து. "ரெண்டு பாஷைக்கும் ஒரே வார்த்தைங்க சார், அடிச்சு உட்டுரலாம்" என்றார் அவர். மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் எழுதினார்: 'இங்கே கொண்டாட்டம் கிடைக்கும்.'

வீட்டுக்குக் கொண்டுவந்து பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தேன். பெயிண்ட் காயவேண்டும் என்றேன். ஆறாவது நாள் தங்கை ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"மொளகாயே ஏழு நாள்ல காயுது. இதென்னுங்ணா, பெயிண்ட்டத் தயிர்ல ஊற வெச்சீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அன்று இரவு ஒரு விஷயத்தை யோசித்துப் பார்த்தேன். லைசன்ஸ் வாங்கும்போது எனக்குப் பயமில்லை. பணம் போட்டுத் தராசு வாங்கும்போதும் இல்லை. நட்டமானால்? அதை நினைத்துப் பார்த்தேன், நெஞ்சு சும்மாதான் இருந்தது. யாரோ ஒருவர் கேட்டுக்கு முன்னால் நின்று "என்ன வெலைங்க?" என்று கேட்பதாக நினைத்தேன். உடனே வயிறு இழுத்துக்கொண்டது. நிச்சயப்படுத்திக்கொள்ள மூன்று தடவை நினைத்தேன். மூன்று தடவையும் இழுத்தது. நான் பயந்துகொண்டிருந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான். எங்கள் வீட்டில் வத்தலை வந்தவர்களுக்குக் கையில் பொதிந்து கொடுப்போம். அதற்கு விலை சொல்வது, சோறு போட்டுவிட்டு இலைக்கு முன்னால் கைநீட்டுவதுபோல எனக்குப் பட்டிருக்கிறது. இத்தனை வயதில் என்னைப் பற்றி இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் கண்டுபிடித்ததால் தைரியம் வந்துவிடவில்லை. மறுநாளும் பலகை சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த நாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தால் பலகை கேட்டில் தொங்குகிறது. தங்கையே கம்பி போட்டுக் கட்டியிருக்கிறாள். சத்தம் போட வாயைத் திறப்பதற்குள் ஒரு கார் வந்து நின்றது. கோயமுத்தூர் நம்பர். முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இறங்கினார். மனைவி காரிலேயே இருந்தாள்.

"ஏனுங்க, இங்க கொண்டாட்டத்துக்குக் குடுக்கறீங்களா?"

"ஆமாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "எத்தன பேருக்குங்க வேணும்?"

"நூத்தம்பது பேருக்குங்க. பையனுக்குக் காதுகுத்து வெச்சிருக்குது. நெழலு நல்லா இருக்குதுங்களா?"

"நெழலே படாதுங்க. நல்ல வெயிலு" என்றேன் பெருமையாக.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வெயில்லயா? அப்பப் பந்தல் நாங்கதாம் போடணுமுங்களா?"

பந்தல் எதற்கென்று எனக்குப் புரியவில்லை. ஆனால் நூற்றைம்பது என்று கேட்டதும் மனம் கணக்குக்குள் போய்விட்டது. "ஆளுக்கு ரெண்டுன்னு வெச்சாலும் முந்நூறு ஆகுதுங்க."

"ஆளுக்கு என்னுங்க ரெண்டு?"

"எண்ணெயில போட்டு எடுத்துட்டாப் போதுங்க. தீ மட்டும் கம்மியா இருக்கோணும்."

அவர் இரண்டடி பின்னால் போனார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே ஓடி, பொரித்து வைத்திருந்த மிளகாயைத் தட்டில் கொண்டுவந்து நீட்டினாள். "இதுதானுங்க எங்க கொண்டாட்டம்."

"அட, மோர் மொளகா!" என்று காரிலிருந்த பெண் இறங்கிவிட்டாள். ஒன்றைக் கடித்தாள், இன்னொன்றை எடுத்தாள். "நானு ஏதோ மண்டபமுன்னு நெனச்சேன். இவரு இங்கியே காதுகுத்த முடிச்சுப் போடலாம்னு வண்டிய நிறுத்திப்போட்டாரு." மூன்றாவதை எடுத்தபடி என்னைப் பார்த்தாள். "கிலோ என்ன வெலைங்க?"

வயிறு இழுத்தது. விலை எனக்குத் தெரியும், நான்கு தாள்களில் நான்கு விதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். வாயிலிருந்து வந்தது வேறு: "அதென்னுங்க பெரிய வெல, சும்மா ஒரு கவர் கொண்டு போங்..."

தங்கையின் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டைக் கீழே இறக்கிக்கொண்டாள். நான் ஒரு கவரை இனாமாகக் கொடுத்தால் அவள் இந்த வீட்டில் விருந்தாளியாகிவிடுவாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பின்வரிசைப் பையனுக்கும் கேட்கவேண்டும் என்று வகுப்பில் கத்துவேனே, அந்தக் குரலில் விலையைச் சொன்னேன். சாலையின் அந்தப் பக்கம் நின்ற ஆடு திரும்பிப் பார்த்தது.

"கோயமுத்தூர்ல இதவிடக் கொறையுமுங்களே" என்றாள் அந்தப் பெண்.

"ஒரு கிலோவுக்கு எழுநூறு மொளகா வருதுங்க. வேணுமுன்னா எண்ணிக் காட்டறனுங்க."

"ஐயோ, வேண்டாமுங்க" என்றார் கணவர். "எண்ணி முடிக்கறதுக்குள்ள பையனுக்குக் கல்யாணமே வந்துரும். காதுகுத்துக்கு ரெண்டு கிலோ போடுங்க."

"ரெண்டு வேண்டாமுங்க, முந்நூறுக்கு அரக் கிலோவே..." என்று ஆரம்பித்தேன். தங்கை பலமாக இருமினாள்.

"ஆளுக்கு ரெண்டோட ஆருங்க நிறுத்துவாங்க?" என்று அந்தப் பெண்ணே என்னைக் காப்பாற்றினாள்.

தராசுப் பெட்டியைப் பிரிக்க ஓடினேன். அது ஏற்கெனவே பிரிந்திருந்தது. பேட்டரிகூடப் போட்டிருந்தாள்.

கார் போன பிறகு கணக்கு வாத்தியாருக்கு உதறல் எடுத்தது. அதிகமாகச் சொல்லிவிட்டோமோ? எண்ணெயில் போட்டால் கருகிவிடுமோ? காதுகுத்து அன்று நூற்றைம்பது பேரும் என்னைத் திட்டுவார்களோ? தங்கை எதையும் காதில் வாங்காமல் போனை எடுத்து ஹாஸ்டலுக்குப் பேசினாள்.

"இல்லீங்க, நான் வரலீங்க... சம்பளமெல்லாம் செரியாத்தான் சொன்னீங்க. இங்க எங்கண்ணனுக்கு வெல சொல்ல இப்பத்தானுங்க நாக்கு வந்திருக்குது. பாதியில உட்டுட்டு வந்தா மறுக்காவும் எல்லாருக்கும் சும்மா குடுத்துப்போடும்."

மறுநாள் இன்னொரு வண்டி நின்றது. வயிறு முந்தின நாள் போலவே இழுத்தது, ஒரு நூல்கூடக் குறையவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.