கிண்டியிலிருந்து ஏழு ஸ்டேஜ் தள்ளி ஒரு வீடு

கண்டக்டர் வேலையில் டிக்கெட் கிழிப்பதும் சில்லறைக்குச் சண்டை போடுவதும் பாதிதான். மீதிப் பாதி, பயணிகளின் கவலையை அவர்கள் இறங்குகிற இடம் வரைக்கும் கேட்டுக்கொண்டு போவது. எண்பதுகளில் செஞ்சியிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் மெட்ராஸ் வண்டியில் இருந்தேன். அதில் ஏறுகிற பாதிப் பேருக்கு ஒரே கவலை. மெட்ராஸில் வேலை கிடைத்துவிட்டது, வீடு கிடைக்கவில்லை.

படிக்கட்டில் நின்று பிழைப்பவன் கண்ணில் 'வீடு வாடகைக்கு' அட்டைகள் படாமல் போகுமா? பார்த்ததையெல்லாம் சட்டைப்பை நோட்டில் குறித்துவைப்பேன். கிண்டியிலிருந்து எத்தனை ஸ்டேஜ் தள்ளிப் போகிறோமோ அந்த அளவுக்கு வாடகை இறங்கும் என்பது நானே கண்டுபிடித்த கணக்கு. நான் சொல்லிப் பல பேர் குடிபோனார்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் என் பெயரே 'வூட்டு கண்டக்டர்' ஆகிவிட்டது. எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. வாடகை வீடு தேடிச் செருப்புத் தேய்ந்தவர்களே, அந்த வீக்கம் எப்படி வடிந்தது என்று உங்களிடம்தான் சொல்ல முடியும்.

டிபன் பாக்ஸோடு வந்த கெடு

பஷீர் செஞ்சியில் தையல் கடை வைத்திருந்தவன். கிண்டிப் பக்கம் ஒரு துணி கம்பெனியில் வேலை கிடைத்துப் போனான். ராத்திரி படுக்கை அங்கேயே, துணி வெட்டும் மேஜை மேல். அவன் மனைவி நூர்ஜஹான் செஞ்சியில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். முந்தின வருஷம் அவர்களுக்கு முதல் குழந்தை பிறந்து அன்றைக்கே இறந்துபோனது. அந்தச் சேதியைக் கம்பெனி வாசலில் பஷீரிடம் போய்ச் சொன்னவன் நான்தான். சாயங்காலம் என் வண்டியிலேயே ஊருக்கு வந்தான். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்து டிக்கெட் கொடுக்க என்னால் முடியவில்லை.

அடுத்த சித்திரையில் நூர்ஜஹான் மறுபடி முழுகாமல் இருந்தாள். புருஷனுக்குக் கொடுக்கச் சொல்லி டிபன் பாக்ஸை என்னிடம் நீட்டினாள். கம்பெனியில் வைகாசிக்கு மேல் படுக்க விடமாட்டார்களாம், அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் பஷீர் வேலையை விட்டுவிட்டு வரவேண்டியதுதானாம். பாக்ஸை நான் வாங்கிய பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. "அண்ணா, இந்தப் புள்ள அவரு இருக்கிற எடத்துலதான் பொறக்கணும். ஒத்த ரூம்பா இருந்தாலும் சரி, ஒரு வூடு பாத்துக் குடுங்க."

சாவி திரும்பிப் போனது

என் வார லீவு நாளில் பஷீரைக் கூட்டிக்கொண்டு குரோம்பேட்டையில் இறங்கினேன். வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன பெரியவர். அறை, சமையல்கட்டு, துவைக்கிற கல், கொல்லையில் முருங்கை மரம் என்று பொறுமையாகக் காட்டினார். முருங்கைக்காய் பறித்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னார். சாவியைப் பஷீர் கையில் வைக்கும்போதுதான் பெயரைக் கேட்டார். பஷீர் சொன்னான். சாவி மெதுவாக அவர் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

அப்படியென்றால் முருங்கைக்காயை எதற்குக் காட்டினீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். பஷீர் என் கையைப் பிடித்து அழுத்தினான். அதற்குப் பிறகு மூன்று வீடுகளில் இதே கதைதான் நடந்தது, முருங்கை மரம் மட்டும் இல்லை. அந்தப் பெரியவர் மட்டும் எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார். "பாத்தா நல்லவங்களாத்தான் தெரியுறீங்க. அதான் அலைய விடாம நேராவே சொல்லிட்டேன்."

குடம் நிற்கும் வரிசை

பல்லாவரம் பக்கம் ஒரு வீடு, பெயரைக் கேட்காமலே தருவதாகச் சொன்னார்கள். வாடகையும் கட்டுப்படியானது. கெடுவுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. பஷீர் கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டான், உப்பு, அப்படியே துப்பினான். நல்ல தண்ணீருக்கு லாரி வரவேண்டும். தெரு முனையில் ஆளில்லாமல் குடங்கள் மட்டும் வரிசையாக நின்றன. லாரி ஹாரன் கேட்டதும் எங்கிருந்துதான் வந்தார்களோ, அந்தத் தெருவே ஓடியது. ஒரு பெண் கீழே விழுந்து, குடத்தை விடாமல் எழுந்து ஓடினாள்.

வயிற்றுப் பிள்ளைக்காரியை இந்த ஓட்டத்தில் எப்படி விடுவது? பஷீர் அந்தக் குடங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டு அம்மாள் எங்கள் மேல் இரக்கப்பட்டுச் சொன்னாள்: "வூடு சும்மா குடுத்தாலும் வாணாம்பா. எங்க வூட்டுக்காரரு பல்லு வெளக்கறதுக்கே ஆபீசுக்குப் போறாரு."

மதகு

கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது தாம்பரம் தாண்டி ஒரு அட்டை கண்ணில் பட்டது. கிண்டியிலிருந்து ஏழு ஸ்டேஜ். புது மனைப்பிரிவு, பதினைந்து இருபது புது வீடுகள். கைப்பம்பில் தண்ணீர் நன்றாக இருந்தது. வீட்டுக்காரர் பெயரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. இவ்வளவு நல்லவரா என்று நான் ஆச்சரியப்பட்டேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

மறுநாளே பஷீரின் தையல் மெஷினை வண்டிக் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். தாம்பரத்தில் மகளைப் பார்க்க அதே வண்டியில் வந்த முனுசாமி, வல்லத்தில் மணிலாக் கடலை பயிரிடுகிறவர், மெஷினை இறக்க ஒரு கை கொடுத்தார். பஷீர் உள்ளே போனதும் முனுசாமி குனிந்து பாளமாக வெடித்திருந்த மண்ணில் ஒரு கட்டியைப் பெயர்த்தார். தூரத்தில் வரிசையாகப் பனைமரம் நின்ற மேட்டைப் பார்த்தார். "இது ஏரி" என்றார். நான் சிரித்தேன். எங்கள் பக்கம் ஏரியில் தண்ணீர் நின்றால்தான் செய்தி. மற்ற நாளில் வெள்ளரி போடுவோம், குறுக்கே நடந்து சந்தைக்குப் போவோம். காய்ந்த ஏரியைக் கண்டு பயப்படச் செஞ்சிக்காரனுக்குத் தெரியாது. முனுசாமி சிரிக்கவில்லை. "கண்டக்டரே, அதோ கரையில தெரியுது பாருங்க, அது மதகு. நாம நிக்கிறது தண்ணி நிக்கிற பக்கம்."

ஐப்பசி

அதை நான் பஷீரிடம் சொல்லவில்லை. சொன்னால் கெடு தப்பிப்போகும். நூர்ஜஹான் குடிவந்தாள். ஆனி, ஆடி, ஆவணி வரை வானத்தை நினைக்காமல் இருந்தேன். ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பிடித்தது. மூன்றாம் நாள் செஞ்சியில் நூர்ஜஹானின் அம்மா பிரசவத்துக்கான பழந்துணி மூட்டையோடு ஏறி, என் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திண்டிவனத்தில் கேட்டார், "தம்பி, வூடு மேட்டுலதானே இருக்குது?" ஆமாம் என்றேன். மதுராந்தகத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். செங்கல்பட்டில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது, மறுபடி கேட்டார். அதற்கு மேல் பொய் வரவில்லை. "அம்மா, அது ஏரி" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "திரும்பிப் போறப்போ எங்களுக்கு ரெண்டு சீட்டு புடிச்சு வை" என்று மட்டும் சொன்னார்.

மனைப்பிரிவுக்கு எதிரே டிரைவர் கோவிந்தண்ணன், டயரில் ஏதோ சத்தம் என்று வண்டியை ஓரங்கட்டினார். டயரில் ஒன்றும் இல்லை என்று வண்டியிலிருந்த எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சர்வீஸில் முதல் தடவையாகப் பணப்பையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். தெருவில் தண்ணீர் இடுப்புக்கு மேல். பஷீர் வீட்டில் ஜன்னல் பாதி முழுகியிருந்தது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே தையல் மெஷினின் தலை மட்டும் தெரிந்தது. கூப்பிட்டேன், பதில் குரல் இல்லை. முதல் பிள்ளையின் சாவுச் சேதி சொன்ன நானே இரண்டாவது பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பக்கத்து மொட்டைமாடியிலிருந்து யாரோ, விடியும்போதே கயிறு கட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள் என்று கத்தினார்கள்.

பள்ளிக்கூடம் ரோட்டு மேட்டில்தான் இருந்தது. பெஞ்சில் ஈரப் புடவையோடு நூர்ஜஹான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பஷீர், கத்தரிக்கோலை மட்டும் காப்பாற்றிக் கையில் வைத்திருந்தான். ஏரி என்று தெரிந்தேதான் இங்கே குடிவைத்தேன் என்று சொல்லிவிட்டேன். பஷீர் என்னை நிமிர்ந்து பார்த்தான், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். வண்டியிலிருந்து இறங்கி வந்த அவள் அம்மா ஊருக்குக் கிளம்பச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார். நூர்ஜஹான் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்: "அண்ணா, மேட்டுல வேற வூடு பாருங்க. செஞ்சிக்கு மட்டும் டிக்கெட் கிழிச்சுடாதீங்க."

மாவு மில்

அன்று சாயங்காலம் திரும்பும்போது நான் வாடகை அட்டைகளைப் பார்க்கவே இல்லை, தரையைத்தான் பார்த்தேன். ஆறாவது ஸ்டேஜில் ஒரு தெருவில் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பெண்கள் குடையும் டின்னுமாக நின்று மிளகாய் அரைத்துக்கொண்டு போனார்கள். ஊரே முழுகிக் கிடக்கும்போது மிளகாய்த்தூள் நனையாத தெரு! மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்த மில்லுக்காரம்மாவின் முன்னால் போய் நின்றேன். இந்தத் தடவை முதலிலேயே சொன்னேன், பெயர் பஷீர், நூர்ஜஹான், நிறைமாசம் என்று. "நெறமாசம்னு சொல்லிட்டு இன்னும் இன்னாய்யா நின்னு பேசினு கீற? போய்க் கூட்டியா" என்று மில்லுக்குப் பின்னால் இருந்த அறையைத் திறந்துவிட்டார். வாடகை கொஞ்சம் அதிகம்தான். பஷீர் ராத்திரியில் ஜாக்கெட் தைத்துச் சமாளித்துக்கொள்வதாக அவரிடம் சொன்னான்.

பத்து நாள் போனது. ஆறாவது ஸ்டேஜில் வண்டி நிற்பதற்குள் ஒருவன் ஓடிவந்து படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தான். பஷீர். பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் என்னோடு அவன் சரியாகப் பேசவே இல்லை. விசிலை ஊதக்கூட மறந்துவிட்டேன். அவனுக்கு மூச்சு வாங்கியது, கண்ணெல்லாம் தண்ணீர். "போன தடவ நீங்க வந்து எனக்குச் சொன்னீங்க. இந்தத் தடவ நான் உங்களுக்குச் சொல்றேன், அண்ணா. பொண்ணு, நல்லா இருக்குது."

நான் ரிட்டயர் ஆன அன்றைக்கு, ஒரு பயணியைக்கூடத் தப்பான இடத்தில் இறக்கிவிடாதவர் என்று மைக்கில் புகழ்ந்து மாலை போட்டார்கள், முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த பஷீர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினான்.