கழுத்துப் பிடியும் மாற்றல் படிவமும்

சென்ற டிசம்பரில் ஐந்து நாள் லீவு எடுத்துக்கொண்டு செக்கந்தராபாத் போய் வந்தேன். அங்கே பெண்களுக்கு ஜூடோ வகுப்பு நடக்கிறதாமே என்று நம் விடுதியில் மூன்று பேர் விவரம் கேட்டீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்வதைவிட நம் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதிவிடுவது எனக்கு எளிது.

போனதற்கு இரண்டு காரணங்கள். எல்லோரிடமும் சொன்னது, பின்னாலிருந்து எதிராளியின் கழுத்தைக் கையால் வளைத்துப் பூட்டும் பிடி எனக்குப் படியவில்லை என்பது. தூக்கிப் போட்டுவிடுவேன், முதுகுப் பக்கம் போய்விடுவேன், அதற்கப்புறம் கை தளர்ந்துவிடும். ஜனவரியில் போட்டி. யாரிடமும் சொல்லாத காரணம், கைப்பையில் இருந்த ஒரு படிவம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஸ்டெல்லாவைத் தெரியாது. மூன்று வருடம் என் அறையில் இருந்தவள், ஜூடோவில் என் ஜோடி. செக்கந்தராபாத் ரயில்வேயில் இருந்த அப்பா பணியிலேயே இறந்துபோனதால் இவளுக்கு அங்கே வேலை கொடுத்தார்கள். இரண்டு வருடமாக அம்மாவோடு மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். பெரம்பூரில் ரயில்வே குமாஸ்தாவாக இருக்கும் ஒரு தெலுங்குப் பெண்ணின் கணவருக்கு செக்கந்தராபாத்தில் வேலை. இடம் மாற்றிக்கொள்ள அவள் ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு, நான்கு முறை அலைந்து, அவள் கையெழுத்துப் போட்ட பரஸ்பர மாற்றல் படிவத்தை வாங்கிவந்திருந்தேன். ஸ்டெல்லாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பெரம்பூரில் இரண்டு அறை வீடு ஒன்றும் பார்த்து வைத்திருந்தேன். அவள், அம்மா, நான், மூன்று பேருக்குப் போதும்.

சென்னையிலிருந்து சுமார் 790 கிலோமீட்டர். மாலை ஆறேகால் வண்டியில் ஏறினால் காலை எட்டரைக்கு செக்கந்தராபாத். இரண்டாம் வகுப்புத் தூங்கும் வசதிக்கு எழுபத்தெட்டு ரூபாய். டிசம்பரில் ஜன்னல் ஓர இருக்கைக்கு ஆசைப்படாதீர்கள். காஜிப்பேட்டைக்கு அப்புறம் குளிர் எலும்பு வரைக்கும் போகிறது.

ஸ்டேஷனிலிருந்து மெட்டுகுடா இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஆட்டோக்காரர் பத்து ரூபாய் கேட்டார். வேண்டாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே உள்ளூர் வார்த்தையில் "நக்கோ" என்றேன். "பெஹன்ஜி, நக்கோ சொல்றதுக்கு நீங்க இன்னும் கொஞ்சம் கோபமா சொல்லணும்" என்று தமிழிலேயே பதில் வந்தது. அவருடைய அம்மா வேலூராம். ஐந்து ரூபாய்க்கு இறக்கிவிட்டார்.

ஸ்டெல்லாவின் அம்மா வாசலிலேயே, "என்ன புள்ள இப்படி மெலிஞ்சி கெடக்க? மெட்ராஸ்ல சோறு போட மாட்டாவளா?" என்றார்.

"அவ வாயத் தொறந்து கேட்டாத்தானம்மா போடுவாவ" என்றாள் உள்ளேயிருந்து ஸ்டெல்லா. இரண்டு வருடத்துக்குப் பிறகு முதலில் கேட்ட குரல் அது. அவள் தலைமுடியைக் காதளவுக்கு வெட்டியிருந்தாள். கடிதங்களில் இதை எழுதவேயில்லை.

வகுப்பு திருமுல்கேரியில், ஒரு பழைய ஹாலில், தினமும் மாலை ஆறு முதல் ஏழரை வரை. மெட்டுகுடாவிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. காத்திருப்பதையும் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் நார் மேல் கித்தான் விரித்த மெத்தை. முழங்கால் உரியும், பழைய காலுறையை வெட்டி மாட்டிக்கொண்டு போங்கள். ஆசிரியை ஸ்டெல்லாதான். டைப்பிஸ்டுகள், நர்சுகள் என்று பதினோரு பெண்கள். நான் பன்னிரண்டாவது.

முதல் இரண்டு நாளும் அவள் என்னைத் திருத்தியபடியே இருந்தாள். "கையால நெரிக்காதட்டி. குரல்வளை உன் முழங்கை மடிப்புக்குள்ள சும்மா கெடக்கணும். அழுத்தம் ரெண்டு பக்கமும். உன் நெஞ்சுக்கும் அவ முதுகுக்கும் நடுவுல ஒரு பேப்பர் போகக் கூடாது. அப்புறம் தோளப் பின்னால இழு, நெஞ்ச விரி. அவ்வளவுதான்." செய்து பார்த்தால் அவ்வளவுதான் இல்லை. ஆனாலும் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததில் எனக்கு அவசரமில்லை. படிவம் பையிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் பர்வீன் என்ற பெண்ணோடு ஜோடி சேர்த்தாள். பர்வீன் என் முதுகில் ஏறிப் பிடியைப் பூட்டினாள். நன்றாகப் பூட்டினாள். நான் என் கட்டைவிரலால் அவள் மணிக்கட்டை ஒருமுறை அழுத்தினேன். அவள் விடவில்லை. மறுபடி அழுத்தினேன். கடல் இரைச்சல் போல ஒன்று கேட்டது. கண் விழித்தபோது கால்களை யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள். பர்வீன் அழுதுகொண்டே, "ஹாத் மார்னா நா! கைக்கு நை மாரே?" என்று கேட்டபடி இருந்தாள். ஏன் கையால் தட்டவில்லை என்கிறாள்.

தோற்றதை ஒப்புக்கொள்ள மெத்தையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். சென்னையில் எங்கள் மாஸ்டர், தட்டியவர்களை இருபது தண்டால் எடுக்க வைப்பார். அதனால் நானும் ஸ்டெல்லாவும் அவருக்குத் தெரியாமல், தட்டுவதற்குப் பதிலாகக் கட்டைவிரல் அழுத்தத்தை வைத்துக்கொண்டோம். மூன்று வருடம் அவளைத் தவிர வேறு யாரோடும் நான் ஜோடி சேரவில்லை. அவள் போன பிறகு சேர்ந்தவர்கள் யாருக்கும் இவ்வளவு இறுக்கத் தெரியாது. கை அந்தப் பழைய வழக்கத்திலேயே நின்றுவிட்டது.

"லூசு! அது நீயும் நானும் வச்சுக்கிட்டது. அவளுக்கு எப்படிட்டி தெரியும்?" ஸ்டெல்லா கத்தினாள். ஐந்து நாளில் அவள் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான்.

வகுப்பு முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலிருந்த இரானி ஹோட்டலில் உட்கார்ந்தோம். டீ ஒரு ரூபாய். படிவத்தை மேஜைமேல் வைத்தேன். வீட்டைப் பற்றியும் சொன்னேன். கிணற்றடியில் முருங்கை இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். மாதக் கடைசி வரை அந்தப் பெண் காத்திருப்பாள் என்றேன்.

அவள் இரண்டு பக்கமும் படித்தாள். டீ ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

"வேண்டாம்ட்டி."

"அம்மாவுக்காகவா?"

"அம்மா நாளைக்கே பெட்டியக் கட்டிருவா. நாந்தான்." கொஞ்ச நேரம் டீயை ஊதினாள். "அங்க வந்தா நான் உன் கூடத்தான் இருப்பேன். சந்தோசமாத்தான் இருப்பேன். இங்க நான் பதினோரு பேரோட இருக்கேன். இன்னைக்கி நீ மயங்கிக் கெடந்தப்ப எனக்கு அதுதான் தோணுச்சு. நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருந்துட்டோம்ட்டி."

நான் படிவத்தை எடுத்துப் பையில் வைத்தேன். "சமோசா சொல்லட்டா?" என்றாள். சொன்னாள். வெங்காயம் வைத்த சின்னச் சமோசா, நன்றாக இருந்தது. தட்டைக் காலி செய்தோம்.

மயங்கியவர் கழுத்தை அதற்கப்புறம் யாரும் தொடக் கூடாது என்பது அவள் சட்டம். ஆகவே நான்காம் நாள் நான் பிடிக்க மட்டும்தான் அனுமதி. தன் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இடைவெளி இல்லாமல் நெருங்கினேன், முழங்கையை மடித்தேன், தோளைப் பின்னால் இழுத்தேன். இவ்வளவு காலமும் அவள் மூச்சு மாறியதுமே கையைத் தளர்த்திவிடுவேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்த முறை தளர்த்தவில்லை. அவள் மெத்தையில் தட்டினாள். உரக்க, இரண்டு முறை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"பிடிச்சிட்டா பாருங்கப்பா!" என்று எழுந்து கழுத்தைத் தடவிக்கொண்டு சிரித்தாள். பர்வீன்தான் முதலில் கைதட்டினாள்.

ஐந்தாம் நாள் திரும்பும் வண்டி மாலை ஏழு மணிக்கு, அவள் வகுப்பு ஆறு மணிக்கு. ஒரு நாள் வகுப்பை விடச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்தே போனேன். பெட்டி கனமில்லை. ஏழு மணிக்கு வண்டி நகர்ந்தபோது அவர்கள் பாதி வகுப்பு தாண்டியிருப்பார்கள்.

போக விரும்புபவர்களுக்கு: செலவு போகவர எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். முன்பதிவை ஒரு மாதம் முன்னதாகச் செய்யுங்கள். கட்டணம் கேட்க மாட்டார்கள், மெத்தைக்கு என்று பத்து ரூபாய் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். கம்மல், வளையல் கழற்றிவிட்டுப் போங்கள். யாருடைய பிடியில் இருந்தாலும் தாமதிக்காமல் தட்டுங்கள். பெரம்பூர்ப் பெண்ணின் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவளுக்கு வேறு ஆள் கிடைக்கட்டும்.

முன்கூட்டியே ஸ்டெல்லாவுக்கு ஒரு கார்டு போட்டால் ஸ்டேஷனுக்கே வருவாள். முகவரி என்னிடம் இருக்கிறது, எந்த நேரமும் வந்து கேளுங்கள். நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். என்னைப் பற்றி அவள் விசாரித்தால், பிடி மறக்கவில்லை என்று சொல்லுங்கள். விசாரித்தால் மட்டும்.