பின்பக்கத்து இரும்புப் படி

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கல்லூரியில் படிக்கும் பேத்தி செல்வி, தன் புத்தகத்தில் ஒரு பழைய அமெரிக்க வீட்டின் படத்தைக் காட்டினாள். கறுப்பின வேலைக்காரர்கள் ஏறப் பின்னால் தனிப் படியாம்.

ராயபுரத்தில் என் அம்மா கக்கூஸ் கழுவிய மாடி வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. பின்சுவரை ஒட்டிச் சுழன்று ஏறும் இரும்புப் படி, மழைக்காலத்தில் பினாயிலும் துருவுமாக நாறும். அந்த வீட்டுக் கமலா என் தோஸ்து. நான் பாதி கடித்த முறுக்கைப் பிடுங்கித் தின்பவள். அவள் மஞ்சள் நீராட்டுக்கு அவளே என்னைக் கூப்பிட்டாள்.

கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு முன்வாசலில் நின்றேன். சொந்தக்காரர்கள் பார்த்தார்கள்.

"இன்னாடி இங்க நிக்கிற? பின்னால படி கீதுல்ல, அதுல ஏறி வா" என்றாள் கமலா.

நான் ஏறவில்லை. வளையல்களை என் கையிலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

செல்வி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினத படிச்சுக் காட்டு கண்ணு. கமலா சொன்னத மட்டும் சத்தமா படி.