மணவறைக்குப் பின்னால் மிளகாய்

"மண்டபச் சுவரில் உள்ள எதையும் எழுத்துமூல அனுமதியின்றி அகற்றவோ மறைக்கவோ கூடாது." தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஜேர்மனியின் எசன் நகரில், ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் விதி இது. மணப்பெண் எங்கள் மாடிக்கு மேல்மாடியில் இருந்தவள். அவளுக்குப் பெண் வீட்டார் என்று அங்கே நானும் என் மனைவியும்தான். யாழ்ப்பாணத்தில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்த நான், முறைப்படி இரண்டு மாதம் முன்பே அனுமதி கேட்டு மூன்று பிரதிகளில் விண்ணப்பித்தேன். பதில் இல்லை.

சிக்கல், மேடைச் சுவரை அடைத்துத் தொங்கிய ஸ்கிரீன் பிரிண்ட் படம். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் பூர்வகுடிகள் கட்டிய மண்வீடுகள். ஒன்றின் மேல் ஒன்றாய், தட்டைக் கூரையும் கறுத்த சன்னல்களுமாக. பின்னால் செம்மலை. நல்ல படம்தான். ஆனால் பெண்ணின் தாய் ஊரில், போருக்குள். அவருக்குக் கல்யாணம் என்பது நாங்கள் அனுப்பப்போகும் போட்டோக்கள் மட்டுமே.

"ஷெல் விழுந்து கூரை போன வீடுகள் மாதிரிக் கிடக்கு, அண்ணை. அம்மா பாத்தா அழுவா," என்றாள் பெண், கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை.

மண்டபப் பொறுப்பாளர் என் பிரதியை மரியாதையோடு வாசித்தார். "இது விண்ணப்பம். அனுமதி எங்கே?" என்றார். ஊரில் எத்தனை பேரிடம் நான் கேட்ட கேள்வி! சீலை கட்டவும் விடவில்லை, அது மறைப்பதாம்.

நாங்கள் வாதாடிக்கொண்டிருக்க, பெண் படத்துக்குக் கிட்டப் போய், நிறம் நிறமாக அழுத்தி அச்சிட்டிருந்த மையை உற்றுப் பார்த்தாள். திடீரென்று சிரித்தாள்.

"அண்ணை, ஓடி வாங்கோ! வாசலிலை செத்தல் மிளகாய் கோத்துத் தொங்குது. வீட்டிலை ஆக்கள் இருக்கினம்!"

"ஏணியும் வச்சிருக்கினம். வசதியான குடும்பம் போலை," என்றேன்.

"அப்ப இவையும் பொம்பிளைப் பகுதி. எங்கடை பக்கம் ஆக்கள் குறைவுதானே!"

மறுநாள் தாலி கட்டியது அந்தக் காய்ந்த மிளகாய்ச் சரத்தின் கீழ்தான். பொறுப்பாளர் வடையை வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். அதற்கு எழுத்துமூல அனுமதி கேட்கவில்லை.

கொழும்பு போனவர் ஒருவர் மூலம் போட்டோக்கள் ஊருக்குப் போயின. தாய் எழுதினார்: "பிள்ளை, உங்கை ஜேர்மனியிலை நல்ல வெயில் போலை. மிளகாய் காயுது. இனி எனக்குக் கவலை இல்லை."

மழை ஓயாத எசனில் வெயில்! பிழை கண்டால் திருத்தாமல் விடாதவன் நான். அதை மட்டும் விட்டுவிட்டேன். இன்றும் மண்வீட்டுப் படம் எங்கே கண்டாலும், எங்கள் பகுதி ஆட்கள் என்றே மனம் வணக்கம் சொல்கிறது. படத்தை ஒருநாள் மட்டும் கழற்றி வைக்கலாம் என்ற அனுமதிக் கடிதம், அந்தத் தம்பதிக்கு மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்கு நடந்த அன்று வந்து சேர்ந்தது.