உப்புக் கரித்த எச்சில்

ஹட்டனில் சீலைக்கடை வைத்திருக்கும் ஹமீதின் மகள் றிப்கா எச்சில் அளக்கப் போகிறாள் என்றதும் கடைத்தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும், அவளுக்கென்ன! ஆய்வுகூடத்தில் அவள் கைபட்ட பரிசோதனை எதுவும் பிழையாகப் போனதில்லை. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு, இருக்கவும் வேண்டும்.

தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் எச்சிலில் சோடியம், கல்சியம் எவ்வளவு என்று பார்க்கும் பல்கலைக்கழக ஆய்வு அது. வட்டவளைப் பக்கத் தோட்டமொன்றை அடம்பிடித்துச் சேர்க்க வைத்தவளே றிப்காதான். ஆய்வில் இருக்கும் தோட்டத்துக்குத்தான் பல் வைத்தியர் வருவார். அங்கேயோ பல்வலியோடு கொழுந்து பறிக்காத பெண் குறைவு.

முதல் தடவையே சோடியம் தாறுமாறாக ஏறி நின்றது. ஆய்வை நடத்தும் விரிவுரையாளர் பாலச்சந்திரன் தொலைபேசியில் கறாராகச் சொன்னார். "பிழை உங்கட கையிலதான் பிள்ளை. அடுத்த முறையும் இப்பிடி வந்தா அந்தத் தோட்டத்தை விட்டிடுவம்."

றிப்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இயந்திரத்தைச் சரிபார்த்தாள், குற்றமில்லை. தன் கையிலும் குற்றமில்லை என்பது அவளுக்குத் தெரியும். மறுநாள் மறுபடியும் எச்சில் எடுக்கும் நாள்; சொன்ன நேரத்துக்கு முன்பே, விடியற்காலையில், தோட்டத்தில் போய் இறங்கினாள்.

லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் கொட்டும் பீலியடியில், கொழுந்து பறிக்கும் லெட்சுமியும் மற்றப் பெண்களும் கை நிறைய உப்பைப் போட்டு வாய் கொப்புளித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா செய்றீங்க?"

"நீங்கதானே மிஸ் வாய சுத்தமா வச்சிக்கிட்டு வரச் சொன்னீங்க? படிச்ச புள்ள கையில வெறும் எச்சிய எப்பிடிங்க குடுக்கிறது? பாவமில்லியா?"

றிப்கா தலையில் கைவைத்தாள்.

"அந்த வெறும் எச்சிதான் எனக்கு வேணும் அக்கா! உப்பு வாணாம், ஒண்டும் வாணாம்."

அவர்களை வெறும் தண்ணீரில் வாய் கழுவச் சொல்லி, அரைமணி நேரம் உட்கார வைத்தாள். நேரம் வந்தபோது ஒருத்தியும் எச்சில் பிடிக்கும் சோதனைக் குழாயைத் தொடவில்லை. லெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். றிப்கா ஒரு குழாயை எடுத்து, எல்லார் முன்னாலும் தானே துப்பினாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்ததும் லெட்சுமி கையை நீட்டினாள். "எங்க வாய் பட்ட கிளாசத் தனியா வைக்கச் சொன்னவங்கதான் ஜாஸ்தி மிஸ். எச்சியக் கேட்டு வாங்க வந்தது நீங்க ஒருத்தர்தான்."

றிப்கா ஒரு குழாயை அவள் கையில் வைத்தாள். "நிறையத் தாங்க அக்கா," என்றாள்.

பின்னேரம் சோடியம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. எண்களைப் பாலச்சந்திரனுக்கு அனுப்பினாள். பல் வைத்தியர் வட்டவளைக்கு எந்தக் கிழமை வருவார் என்பதை மட்டும் கேட்டாள்.