அத்தை ரயிலில் காட்டிய மெட்ராஸ்

அத்தையை மெட்ராஸிலிருந்து அழைத்துவரும் பொறுப்பை அப்பா அம்மாவிடம் விட்டார். அப்பாவின் தங்கையான அத்தை அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். காரிமங்கலத்தில் மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டித் தருவதாக, அவளைக் கேட்காமலே, அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

"நீ சொன்னா கேப்பா. வேலைய எழுதிக் குடுத்துட்டு வரச் சொல்லு" என்றார்.

கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் போன பஸ்ஸிலும், பிறகு ரயிலிலும், அத்தையிடம் சொல்ல வேண்டியதை அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சென்ட்ரலில் இறங்குவதற்குள் எட்டு வயதுக்காரியான எனக்கே அது மனப்பாடமாகிவிட்டது.

மறுநாள் அத்தைக்கு லீவு. மே மாத வெயிலில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது.

"இதுல நடந்தா மயங்கி வுழுந்துருவீங்க அண்ணி. ரயில்லயே மெட்ராஸக் காட்டறேன், வாங்க" என்று பீச் ஸ்டேஷனில் எங்களை மின்சார ரயிலில் ஏற்றினாள். கண்ணில் கரி விழாத ரயிலை அன்றுதான் பார்த்தேன். கோட்டை மதில் வந்தது, சைதாப்பேட்டையில் ஆறு வந்தது. பரங்கிமலை மேல் கோயிலைக் கண்டதும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் எங்கள் மேலேயே இறங்குவதுபோல் வந்தபோது நான் குனிந்துகொண்டேன். அத்தை எல்லாவற்றையும் தன் சொந்தத் தோட்டத்தைப்போலச் சுற்றிக் காட்டினாள். தாம்பரம் போய், அடுத்த வண்டியில் எழும்பூருக்குத் திரும்பினோம்.

ஸ்டேஷன் சாப்பாட்டு அறையில் மேசைக்கெல்லாம் வெள்ளை விரிப்பு. அங்கிருந்த பெண்கள் நாங்கள் மட்டும்தான். அத்தை கொஞ்சமும் கூசாமல் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்லெட் கொண்டுவரச் சொன்னாள். தலைப்பாகை கட்டிய சர்வர் முதல் தட்டை அம்மா முன்னால் வைத்தார். வீட்டில் எல்லோரும் எழுந்த பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதைச் சாப்பிடுகிறவள் அம்மா.

"எனக்கா?" என்றாள்.

"உங்களுக்குத்தான் அண்ணி. சூடா இருக்கறப்பவே சாப்புடுங்க."

அம்மா மெதுவாகச் சாப்பிட்டாள். நான் முள்கரண்டியால் குத்தியதில் என் கட்லெட் துள்ளித் தரையில் விழுந்தது. அத்தை சிரித்துக்கொண்டே தன்னுடையதை எனக்கு வைத்தாள். பிறகு நிமிர்ந்து, "அண்ணன் ஏதாச்சும் சொல்லி அனுப்புனாங்களா?" என்று கேட்டாள்.

அம்மா அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"நீ எப்படி இருக்கறன்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க. நல்லாத்தான் இருக்கற."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

ஊர் திரும்பியதும் அப்பா, "என்னா சொன்னா?" என்றார். அம்மா பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் உதவிக்குப் போனேன்.

"அம்மா கேக்கவே இல்லப்பா. வெயில்ல மறந்துட்டாங்க."

"ஆமாங்க, மறந்துட்டேன்" என்றாள் அம்மா.

அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. காரிமங்கலத்துக்காரர் வேறிடத்தில் பெண் எடுத்தார். அத்தை நர்ஸாகவே இருந்தாள். இவ்வளவு சின்ன விஷயம்கூட அம்மாவுக்கு நினைவில் நிற்கவில்லையே என்று அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.